வாசல்படி தாண்டும் முன் மூன்று குளியல்: வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்ட் முடியப்போகிறது என்றாலே டொராண்டோ, லண்டன், ஒஸ்லோ பக்கத்துக் கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வரத் தொடங்கிவிடும். வெளியே ஜோராக இருந்த செடி வீட்டுக்குள் வந்ததும் பூச்சி பிடித்துப் போகிறதே, ஏன்? சென்னைக்காரர்களுக்கு இதே கேள்வி ஐப்பசி மழையோடு வரும். வீட்டுக்குள் விஷமருந்து அடிக்க யாருக்கும் மனமில்லை, அது நியாயம்தான். இந்த இதழின் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: சமர் (கோடை) முழுக்கப் பின்வளவில் செழித்து நிற்கும் கறிவேப்பிலைச் சாடியை ஒக்டோபரில் உள்ளே கொண்டுவருகிறோம். அப்போது ஒரு பூச்சி கூடக் கண்ணில் படுவதில்லை. டிசம்பர் வரும்போது இலையெல்லாம் பிசுபிசுப்பு, கிளைக் கவட்டில் வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொரு வருடமும் இதே கதை. எங்கே பிழை விடுகிறோம்? (வாசகி, ஸ்கார்பரோ)

அந்தப் பூச்சி டிசம்பரில் வந்ததல்ல. அக்டோபரில் சாடியோடு சேர்த்து நீங்களே தூக்கி வந்தது. வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. பிசுபிசுப்பு அது சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் தேன் போன்ற கழிவு. கவனிக்காமல் விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சை படிந்து இலை கறுத்துப்போகும்.

வெளியே இருக்கும்போது மழை இலையைக் கழுவிக்கொண்டே இருக்கும். பொறிவண்டு, அதன் புழு, கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகள் எல்லாம் மாவுப்பூச்சியைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். இந்த இயற்கை எதிரிகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2008-ல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல் தமிழ்நாட்டைப் பதம் பார்த்தது. மருந்து அடித்து அடங்காததை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒரு சின்னக் குளவி அடக்கியது. உங்கள் வரவேற்பறையில் அந்தக் குளவியும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் ஹீட்டர் புண்ணியத்தில் நாள் முழுக்க 21, 22 டிகிரி இருக்கிறது. மாவுப்பூச்சிக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆகவே வேலை முழுவதும் செடி வெளியே இருக்கும்போதே முடிய வேண்டும். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன் கறிவேப்பிலை உள்ளே வந்துவிட வேண்டும். டொராண்டோவில் அது பெரும்பாலும் செப்டம்பர் இரண்டாம் பாதி. அக்டோபர் வரை வைத்திருப்பது ரொம்பத் தாமதம். செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் உள்ளே என்று வைத்துக்கொண்டு மூன்று வாரம் பின்னால் எண்ணுங்கள். ஆகஸ்ட் கடைசியில் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் நாள் சாடியை நேர் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்துங்கள். பழுத்த இலை, நோஞ்சான் கிளை, உள்ளே நெருக்கியடித்து வளர்ந்த குச்சிகளை வெட்டிவிடுங்கள். செடியில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். பூச்சி ஒளிய இடம் குறையும், மருந்து எல்லா இடத்திலும் படும், உள்ளே தூக்கி வைக்கவும் லகுவாக இருக்கும். வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எருக்குழியில் போட்டால் எறும்பு திரும்பக் கொண்டுவரும். பிறகு மண் சிதறாமல் சாடியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, செடியைச் சாய்த்து, ஹோஸ் தண்ணீரைச் சற்று வேகமாக விட்டு இலையின் அடிப்புறம் கழுவுங்கள். மேல்புறம் கழுவுவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பூச்சி இருப்பது அடியில்.

அடுத்தது தேடல். கறிவேப்பிலையில் மாவுப்பூச்சி ஒளியும் இடங்கள் மூன்று: இலைக்காம்பு தண்டோடு சேரும் கவடு, நுனிக் குருத்தின் மடிப்பு, மண்ணை ஒட்டிய அடித்தண்டின் பிளவு. சாடியின் விளிம்புக்கு உள்புறத்தையும் ஒரு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் 70 சதவீத ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொடுங்கள். வெள்ளைப் பூச்சு கரைந்து உள்ளிருக்கும் பூச்சி பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறமாக மாறினால் ஆல்கஹால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வெள்ளையாகவே இருந்தால் இன்னொரு முறை. அடுப்பு, விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

மறுநாள் சோப்புக் கரைசல் (எந்தச் சோப்பு, எவ்வளவு என்பது அடுத்த பதிலில்). ஐந்து நாள் கழித்து இரண்டாவது முறை, இன்னும் ஐந்தாறு நாள் கழித்து மூன்றாவது முறை. பலரும் ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வருடா வருடம் கதை திரும்புவதற்குக் காரணம் அதுதான். சோப்பு உயிரோடிருக்கும் பூச்சியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. தாய் மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் பொரித்து வெளியே வரும். அப்படி வரும் குஞ்சுக்கு மேல் மெழுகு இன்னும் படிந்திருக்காது. அந்த நேரத்தில் அடிக்கும் இரண்டாவது, மூன்றாவது சோப்புதான் உண்மையில் வேலை செய்கிறது.

உள்ளே வந்த பிறகும் நாலு வாரம் மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனி அறையில் வையுங்கள். வாரம் இரண்டு முறை ஒரு பூதக்கண்ணாடியோடு கவடுகளைப் பாருங்கள். குளிர் முடியும் வரை உரம் வேண்டாம். வெளிச்சம் குறைந்த நாளில் தழைச்சத்து கொடுத்தால் வெளிறிய இளங்குருத்து வரும். மாவுப்பூச்சிக்கும், குருத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் அதுதான் விருந்து. உள்ளே வந்த மாதத்தில் சில இலைகள் மஞ்சளாகி உதிர்வது வெளிச்சம் குறைந்ததால். பிசுபிசுப்போ வலையோ இல்லாவிட்டால் அதற்கு மருந்து தேட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அடித்தேன். இரண்டு நாளில் செம்பருத்தி இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. சோப்பு இயற்கையானது என்றுதானே சொல்கிறார்கள்? (வாசகர், ஹாரோ, லண்டன்)

நீங்கள் அடித்தது சோப்பே அல்ல. பாத்திரம் கழுவும் திரவம் என்பது எண்ணெய்ப் பிசுக்கை அகற்றத் தயாரித்த செயற்கை டிடர்ஜென்ட். தட்டிலிருக்கும் நெய்யை எடுப்பதுபோலவே இலையின் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். பிறகு இலையால் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாது, ஓரம் கருகும். உங்களுக்குத் தேவை பொட்டாசியம் சோப்பு. தோட்டக் கடையில் பூச்சிக்கொல்லி சோப்பு என்றே விற்பார்கள். அதில் டப்பாவில் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது. அது கிடைக்காவிட்டால் வாசனை, நிறம் சேர்க்காத காஸ்டீல் திரவ சோப்பு, அதாவது தாவர எண்ணெயில் செய்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன். இளங்குருத்து நிறைய இருந்தால் 5 மி.லி.யில் தொடங்குங்கள். குளிக்கும் சோப்புக் கட்டியைக் கரைத்து அடிப்பவர்களும் உண்டு. அது சோடியம் சோப்பு, இலைக்குக் கடுமை, தவிர்ப்பது நல்லது.

லண்டனில் இன்னொரு சிக்கல், தண்ணீர். அங்கே குழாயில் வருவது சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். கால்சியம் சோப்போடு சேர்ந்து தயிர்த் திரிபோல மிதக்கும். திரிந்த சோப்பு பூச்சியைக் கொல்லாது, இலையில் வெள்ளைக் கறையாக ஒட்டும், தெளிப்பானின் மூக்கையும் அடைக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படலம் கட்டினால் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே “சோப்பு வேலை செய்யவில்லை” என்று எழுதுகிறவர்கள் நிறைய.

சோப்பு ஈரமாக இருக்கும் சில நிமிடங்களில்தான் கொல்லும். காய்ந்துவிட்டால் அதற்கு எந்த வீரியமும் இல்லை. எனவே வெயில் இல்லாத மாலையில், காற்று ஓய்ந்த நேரத்தில், இலையின் அடிப்புறத்திலிருந்து சொட்டும் அளவுக்கு அடிக்க வேண்டும். மேலிருந்து பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்தால் பலன் இல்லை. புதிய செடி என்றால் முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பெரணி, கார்டீனியா, லந்தானா, கள்ளி வகையில் யூஃபோர்பியா மிலி ஆகியவற்றுக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாது. அவற்றை வெறும் தண்ணீராலும் பஞ்சுக் குச்சியாலும் கவனியுங்கள்.

கருகிய செம்பருத்தி இலை திரும்பாது. உதிரும், புதிது வரும். இப்போதைக்கு நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட்டு இரண்டு வாரம் எதையும் அடிக்காமல் விடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து சொல்லும்போது எல்லோரும் வேப்பெண்ணெய் என்கிறார்கள். இங்கே குளிரில் புட்டிக்குள் கட்டியாகக் கிடக்கிறது. எப்படிக் கலப்பது? உள்ளே அடிக்கலாமா? (வாசகி, மில்டன் கீன்ஸ்)

கட்டியாவது கலப்படம் அல்ல. 20 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல வேப்பெண்ணெயும் உறையும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 2 முதல் 3 மி.லி. முதலில் எண்ணெயும் சோப்பும் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் நன்றாக அடித்து வெண்ணிறக் குழம்பாக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வரும், அந்தக் கடைசி இலைகள் வெந்துபோகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

வேப்பெண்ணெய் உடனே கொல்லும் மருந்து அல்ல. பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்க விடாது, முட்டையிடுவதைக் குறைக்கும். அடித்த மறுநாள் பூச்சி நடமாடுவதைப் பார்த்துவிட்டு அளவை இரட்டிப்பாக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெளியே நிழலில் அடித்துக் காயவிட்டு உள்ளே எடுங்கள். மூடிய வீட்டுக்குள் அந்த வாடை நாலு நாள் போகாது. பறித்துச் சமைக்கும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம், கசப்பு இலையில் தங்கும். அவற்றுக்குச் சோப்பே போதும், கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். இன்னொன்று: பூச்சிக்கென்று விற்கும் எதையும் உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். கனடாவில் அதன்மேல் பதிவு எண் இருக்கும்.

கேள்வி: மல்லிகை இலை வெளிறி, மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. இப்போது நுனியில் நூலாம்படை போல இருக்கிறது. (வாசகி, ஒஸ்லோ)

சிலந்திப்பேன். நூலாம்படை கட்டிவிட்டதென்றால் பல வாரமாக இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். மிளகுத்தூள் போல விழுவதில் ஏதாவது ஊர்ந்தால் அதுவேதான். தாளில் விரலால் இழுத்துப் பார்த்தால் பழுப்பாகவோ பச்சையாகவோ கோடு விழும்.

இது பூச்சி இனமல்ல, எட்டுக்கால் பிராணி. சூடும் வறட்சியும்தான் இதன் சொர்க்கம். நார்வேயில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஹீட்டருக்கு மேலிருக்கும் ஜன்னல் திண்ணையில் மல்லிகையை வைத்திருப்பீர்கள்; பெரும்பாலான வீடுகளில் வெளிச்சம் கிடைக்கும் இடம் அதுதான். 30 டிகிரி பக்கத்தில் முட்டையிலிருந்து தாயாக இதற்கு ஒரு வாரம் போதும். 20 டிகிரியில் அது இரண்டு வாரமாக நீளும். ஆக, செடியை ஹீட்டரிலிருந்து தள்ளிக் குளிர்ச்சியான, வெளிச்சமான அறைக்கு மாற்றுவதே பாதி மருந்து.

மீதிப் பாதி தண்ணீர். வலை கட்டிய நுனிகளை வெட்டி எறியுங்கள். சாடியின் வாயைக் கட்டி, குளியலறையில் ஷவரின் கீழ் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரால் ஒவ்வொரு இலையின் அடியையும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். இடையில் வாரம் ஒருமுறை சோப்புக் கரைசல். மல்லிகை இதைத் தாங்கும். ஸ்பிரேயில் இரண்டு முறை புஸ் புஸ்ஸென்று அடித்தால் ஈரப்பதம் கால் மணி நேரத்துக்குமேல் நிற்காது. சாடிக்கு அடியில் கூழாங்கல்லும் தண்ணீருமாக வைக்கும் தட்டும் பெரிதாக உதவாது. ஈரப்பதம் கூட்டும் சிறு இயந்திரம் இருந்தால் 45, 50 சதவீதத்தில் வையுங்கள்.

மல்லிகையில் ஒரு சௌகரியம் உண்டு. நவம்பரில் தைரியமாகப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடலாம். இலை குறைந்தால் பேன் குறையும், வசந்தத்தில் வரும் புதுத் தளிரில்தான் மொட்டும் வைக்கும்.

கேள்வி: சாடி மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசு பறக்கிறது. டீ குடிக்க முடியவில்லை, கோப்பைக்குள் விழுகிறது. காப்பித்தூள் சக்கை போட்டேன், அதிகமாகிவிட்டது. (வாசகர், மிசிசாகா)

அதிகமாகத்தான் செய்யும். பூஞ்சைக் கொசுவின் புழு தின்பது மண்ணில் மக்கும் பொருளையும் அதில் வளரும் பூஞ்சையையும். காப்பிச் சக்கை போட்டுப் பந்தி வைத்திருக்கிறீர்கள். முதலில் அதை வழித்து எடுங்கள்.

எந்தச் சாடியில் புழு இருக்கிறது என்று கண்டுபிடிக்க உருளைக்கிழங்கு போதும். ஓர் அங்குலத் துண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி அழுத்தி வையுங்கள். மூன்று நாலு நாள் கழித்துத் திருப்பினால் கண்ணாடி போன்ற உடம்பும் கறுப்புத் தலையுமாகப் புழு ஒட்டியிருக்கும். இப்படிப் பார்த்தால் ஏழு சாடியில் இரண்டுதான் குற்றவாளி என்று தெரியவரும். மற்றதுக்கெல்லாம் வைத்தியம் மிச்சம்.

புழு மேல்மண்ணின் 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில்தான் வாழும். அந்த அடுக்கு காய்ந்தால் சாகும். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் தண்ணீர். அல்லது தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணியில் மீதியைக் கொட்டிவிடுங்கள். பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டையை மண்ணுக்குப் பக்கத்தில் படுக்கை வசமாக வையுங்கள். செடி உச்சியில் தொங்கவிட்டால் அவ்வளவு சிக்காது. அட்டை மட்டும் வைத்து முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிடிபடும் முன்பே முட்டை இட்டிருக்கும்.

அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா. கொசுப்புழுவுக்கென்று குருணையாகவோ வில்லையாகவோ விற்பதுதான். டப்பா சொல்லும் அளவைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, அந்தத் தண்ணீரையே செடிக்கு ஊற்ற வேண்டும். புழு தின்றால்தான் சாகும். முட்டைக்கும் பறக்கும் கொசுவுக்கும் ஒன்றும் ஆகாது. அதனால் வாரம் ஒருமுறையாக மூன்று, நாலு வாரம். இது வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்காத நாடுகளில் ஸ்டெய்னர்னிமா ஃபெல்டியே என்ற நூற்புழுவைத் தபாலில் அனுப்புவார்கள். வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, தேதிக்குள் ஈரமண்ணில் ஊற்றுங்கள்.

கேள்வி: எலுமிச்சைத் தண்டில் பழுப்பு நிறத்தில் மரு போல ஒட்டியிருக்கிறது. சோப்பு அடித்தும் அப்படியே இருக்கிறது. (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

செதில் பூச்சி. வளர்ந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்து மேலே ஓடு போட்டுக்கொள்ளும், சோப்பு உள்ளே போகாது. ஆனால் செத்த பிறகும் ஓடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அப்படியே இருக்கிறது என்பதை வைத்து உயிரோடிருக்கிறதா என்று சொல்ல முடியாது. நகத்தால் ஒன்றைப் பெயர்த்து நசுக்குங்கள். ஈரம் வந்தால் உயிர் உண்டு. உமிபோல் உதிர்ந்தால் செத்தது.

உயிரோடிருந்தால் கைவேலைதான். பழைய பல் துலக்கும் பிரஷை மேலே சொன்ன சோப்புத் தண்ணீரில் முக்கி, தண்டின் நீளவாக்கில் தேய்த்துப் பெயர்த்தெடுங்கள். இலையின் நடுநரம்பை அடிப்பக்கம் கட்டைவிரலால் வழியுங்கள். முடிந்தபின் தோட்டக்கலை எண்ணெய் எனப்படும் மெல்லிய கனிம எண்ணெயை, டப்பாவில் கண்ட அளவில், தண்டு முழுக்க நனையும்படி அடிக்கலாம். அது ஓட்டின் ஓரம் வழியே மூச்சை அடைக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. தாயின் ஓட்டுக்கடியிலிருந்து குஞ்சு வெளியேறி ஊர்வது வாரக்கணக்கில் தொடரும் என்பதால்தான் இந்த இழுபறி.

கேட்காத ஒன்று: ஃபுளோரிடா, கலிபோர்னியா பக்கத்திலிருந்து எலுமிச்சையோ கறிவேப்பிலையோ கன்று தபாலில் வரவழைக்காதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்தைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்பும் ஆசிய சைலிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் குருத்து பிடித்த இடம். அந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் 1998-லும் கலிபோர்னியாவில் 2008-லும் கண்டறியப்பட்டு, அங்கெல்லாம் கன்று நடமாட்டத்துக்குத் தடைகள் உள்ளன. அனுமதி பெற்ற நாற்றங்காலில் வாங்குங்கள்.

கேள்வி: இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், மஞ்சள்தூள், அடுப்புச் சாம்பல், வினிகர். இதில் எதை வீட்டுக்குள் பயன்படுத்தலாம்? (வாசகி, திருச்சி)

வயலிலும் மாடியிலும் இஞ்சி பூண்டு மிளகாய்க்கு இடம் உண்டு. மூடிய அறைக்குள் அடித்தால் பூச்சிக்கு முன் வீட்டில் இருப்பவர்கள் தும்மி ஓடுவார்கள். மஞ்சள்தூள் மண்ணின் மேல் பூசணத்தைக் கொஞ்சம் அடக்கலாம்; மாவுப்பூச்சியை ஒன்றும் செய்யாது. சாம்பல் காரத்தன்மை உள்ளது, தொடர்ந்து போட்டால் மண்ணின் பி.எச். ஏறி இரும்புச்சத்து கிடைக்காமல் கறிவேப்பிலையும் மல்லிகையும் மஞ்சளிக்கும். இலையில் தூவினால் மழையில்லாத வீட்டில் கழுவுவதும் உங்கள் வேலை. வினிகர் களைக்கொல்லி, அதை இலைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பொறிவண்டு வாங்கி வீட்டுக்குள் விடலாமா? (மாணவர், மாண்ட்ரியல்)

அசுவினி தின்னும் சாதாரணப் பொறிவண்டு நேரே ஜன்னல் கண்ணாடிக்குப் போய்விடும். மாவுப்பூச்சிக்கென்றே ஒரு வண்டு உண்டு, கிரிப்டோலேமஸ். ஆஸ்திரேலியாக்காரர், காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக 1898-லேயே இந்தியாவுக்கு வந்தவர். கண்ணாடி வீட்டில் அபாரமாக வேலை செய்யும். வெளிச்சமும் 20 டிகிரிக்கு மேல் சூடும், தின்னத் தாராளமாக மாவுப்பூச்சியும் வேண்டும் என்பதால் இரண்டு சாடிக்கு வாங்குவது காசுக்குக் கேடு. வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: அதன் புழுவும் வெள்ளை மெழுகோடு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். தேடித் தேடி நசுக்கிவிடாதீர்கள். சோப்பும் வேப்பெண்ணெயும் அதையும் கொல்லும்.

கேள்வி: உள்ளே கொண்டுவரும்போது மண் முழுவதையும் மாற்ற வேண்டுமா? சாடிக்குள் எறும்புப் புற்று இருக்கிறது. (வாசகர், பிராம்டன்)

மாற்ற வேண்டாம். வெளிச்சம் குறையும் நேரத்தில் வேரையும் கலைத்தால் செடி இரட்டை அடி வாங்கும். எறும்புக்கு முக்கி எடுத்தல் போதும். சூடு குறையாத ஒரு செப்டம்பர் நாளில், சாடியைவிடப் பெரிய வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, மண்ணுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி 20 நிமிடம் முக்கி வையுங்கள். எறும்பு, மரவட்டை, குட்டி நத்தை, மண்புழு எல்லாம் மேலே வரும். நன்றாக வடியவிட்டு, மண் காயும்வரை வேறு தண்ணீர் வேண்டாம். எறும்பு கூண்டோடு முட்டை தூக்கிக்கொண்டு போகாவிட்டால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. எறும்பை விட்டுவைத்தால், தேன்கழிவுக்காக அது மாவுப்பூச்சியைக் காவல் காத்து வளர்க்கும்.

ஒரே விதிவிலக்கு வேர் மாவுப்பூச்சி. சாடியைக் கவிழ்த்து மண்கட்டியை உருவிப் பாருங்கள். சாடியின் உட்சுவரிலும் வேரிலும் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைப் பொடி இருந்தால், பழைய மண்ணை முழுக்க உதிர்த்து, வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, சாடியைச் சோப்பு போட்டுத் தேய்த்து, புது மண்ணில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: அடைமழைக்கு முன் மாடிச் செடிகளைப் பால்கனிக்கும் ஹாலுக்கும் இறக்கினோம். மழையிலிருந்து காப்பாற்றியும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பெருகிவிட்டதே? (வாசகி, வேளச்சேரி, சென்னை)

மழையிலிருந்து காப்பாற்றியதால்தான் பெருகியது. ஓங்கி அடிக்கும் மழை மாவுப்பூச்சியையும் அசுவினியையும் சிலந்திப்பேனையும் அடித்துக்கொண்டு போய்விடும், காசு செலவில்லை. தொட்டியில் வடிகால் சரியாக இருந்தால் செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லி, முல்லை எல்லாம் மாடியிலேயே நனையட்டும். காற்றில் சாயாமல் கைப்பிடிச் சுவரோடு கட்டிவிடுங்கள். இறக்க வேண்டியது அடினியம், கள்ளி, கற்றாழை போல வேர் அழுகும் செடிகளை.

இறக்கியவற்றில் நத்தை தேடுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். இரவில் டார்ச் அடித்து, கையுறை போட்டுப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மனிதனுக்கு மூளைச்சவ்வு அழற்சி தரும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். உப்பை மண்ணில் கொட்டினால் நத்தையோடு செடியும் போய்ச்சேரும்.

எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கம் உண்டு. மழைக்காலச் சென்னையில் அது டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். கால்களில் ஒரு விரல் அகலத்துக்கு வாஸ்லினைச் சுற்றித் தடவுங்கள், தூசி படிந்ததும் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். இலை சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும், அதையும் பார்த்து நகர்த்தி வையுங்கள்.